கேசரிப் பவுடரில் போலரைசர் வருமா?

கேள்வி: எம்.எஸ்சி. இயற்பியல் ப்ராஜெக்டுக்காக, மூலக்கூறுகள் தானாக அடுக்கிக்கொள்ளும் சாயத்தில் போலரைசர் ஃபிலிம் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் வடிகட்டி) செய்ய முயல்கிறேன். கடையில் வாங்கிய ஆரஞ்சு கேசரிப் பவுடரைக் கெட்டியாகக் கரைத்து ஸ்லைடில் இழுத்தேன். காய்ந்ததும் வெள்ளையாகப் பூத்து வெடித்துவிட்டது. எல்சிடி மானிட்டரின் ஒளி ஒரே திசையில் அதிர்வது என்பதால் அதன் முன் வைத்துச் சுழற்றினாலும் வித்தியாசமே தெரியவில்லை. எங்கே தப்பு?

பதில்: பாக்கெட்டிலேயே தொடங்குகிறது தப்பு. கேசரிப் பவுடரில் சாயம் கொஞ்சம்தான், மற்றது உப்பு மாதிரியான நிரப்பி. பூத்தது அநேகமாக அதுதான். கெமிக்கல் சப்ளையரிடம் சன்செட் யெல்லோ எஃப்சிஎஃப் என்ற ஆரஞ்சு உணவுச் சாயத்தைக் கேட்டு வாங்குங்கள். அதுவும் முழுச் சுத்தமாக இருக்காது. தண்ணீரில் கரைத்து எத்தனால் ஊற்றினால் சாயம் வீழ்படியும். வடிகட்டி, இன்னொரு முறையும் இதையே செய்து, நன்றாக உலர்த்துங்கள். அலுப்பான வேலைதான். ஆனால் உப்பு மிஞ்சினால் திரவப் படிக நிலை (திரவம் போல ஓடினாலும் உள்ளே ஒழுங்கு இருக்கும் நிலை) மாறும் வெப்பநிலையே நகர்ந்துவிடும்.

இந்த மூலக்கூறு தட்டையானது. நடுப்பகுதிக்குத் தண்ணீர் ஆகாது, ஓரத்தில் உள்ள சல்ஃபோனேட் தொகுதிகளுக்குத் தண்ணீர் வேண்டும். அதனால் தோசை அடுக்குவது போல ஒன்றன்மேல் ஒன்று, சுமார் 0.34 நானோமீட்டர் இடைவெளியில், அடுக்கிக்கொள்கிறது. செறிவு கூடக்கூட அடுக்குகள் நீள்கின்றன. எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் வந்தால், அறை வெப்பநிலையில் எல்லா அடுக்குகளும் ஒரே திசை பார்க்கும் நெமாட்டிக் நிலை வந்துவிடும். 1.4 கிராம் தண்ணீருக்கு 0.6 கிராம் சாயம் போடுங்கள். மூடிய குப்பியை வெந்நீரில் வைத்துக் கலக்கி ஆறவிடுங்கள். ஒரு துளியை இரண்டு ஸ்லைடுக்கு நடுவே வைத்து, ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்த இரண்டு போலராய்டுகளுக்கு (கடையில் கிடைக்கும் போலரைசர் தாள்கள்) இடையில் பாருங்கள். வெளிச்சம் தெரிந்தால் சரி, இருட்டாக இருந்தால் செறிவு போதவில்லை.

அப்புறம் பூச்சு. ஸ்லைடில் தண்ணீர் முத்து முத்தாக நின்றால் சாயமும் பரவாது. சோப்பு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போட்டு நன்றாகக் கழுவுங்கள். சின்னத் துளி, இன்னொரு ஸ்லைடின் விளிம்பு, ஒரே திசையில் ஒரே இழுப்பு. திரும்பத் தேய்த்தால் ஒழுங்கு கலைந்துவிடும். வெடிப்புக்குக் காரணம் பெரும்பாலும் தடிமன்தான். மெல்லிசாக இழுத்து, ஃபேனை நிறுத்தி, மேலே ஒரு பெட்ரி மூடியைக் கவிழ்த்து மெதுவாகக் காயவிடுங்கள்.

சோதிக்கும் முறையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. இந்தச் சாயம் நீலம், பச்சை பகுதியைத்தான் உறிஞ்சும், சிவப்பை விட்டுவிடும். வெள்ளைத் திரையில் வைத்தால் நல்ல ஃபிலிமும் சுமாராகத்தான் தெரியும். திரை முழுவதும் நீல நிறம் வைத்துச் சுழற்றுங்கள், ஒளிர்வதும் மங்குவதும் பளிச்சென்று தெரியும். மூலக்கூறுகள் இழுத்த திசைக்குக் குறுக்காகப் படுத்திருப்பதால், ஒளியின் மின்புலம் அந்தத் திசைக்குச் செங்குத்தாக இருக்கும்போதுதான் அதிகம் இருளும். வழக்கமான அயோடின் போலராய்டில் நீட்டிய திசையிலேயே உறிஞ்சும். இது நேர் எதிர். வைவாவில் நிச்சயம் கேட்பார்கள்.

ஃபிலிம் நீரில் கரையக்கூடியது. காய்ந்த கையோடு கவர் ஸ்லிப் மூடி, ஓரத்தை எப்பாக்ஸியால் அடைத்துவிடுங்கள்.