எக்ட்வெட் பெண் எந்த ஊர்க்காரி?

அன்புள்ள ஆசிரியருக்கு,

டென்மார்க்கின் எக்ட்வெட் என்ற ஊரில் சவப்பெட்டியோடு கிடைத்த பழங்காலத்து ‘எக்ட்வெட் பெண்’ணைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்துவிட்டு இணையத்தில் தேடினேன். அவள் தென் ஜெர்மனியில் பிறந்தவள், மணமாகி டென்மார்க்குக்கு வந்திருக்கலாம் என்று 2015இல் வந்த செய்திகள் சொல்கின்றன. 2019 செய்திகளோ அவள் உள்ளூர்க்காரிதான் என்கின்றன. இரண்டுக்கும் ஆதாரம் ஒரே பல். மூவாயிரத்துச் சொச்சம் வருடத்துக்கு முந்தைய ஒருத்தியின் பிறந்த இடத்தைப் பல்லில் எப்படிப் படிக்கிறார்கள்? நான்கே வருடத்தில் அது எப்படி மாறியது? அவள் தலைமுடியை வைத்துக் கடைசி இரண்டு வருடப் பயணத்தையும் சொல்கிறார்களே, அதையாவது நம்பலாமா?

வி.

அன்புள்ள வி.,

பல்லில் கிடைத்த எண் மாறவில்லை. 2015இல் டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தின் கரின் ஃப்ரெய் குழுவினர் அளந்தது 0.71187. 2019இல் அவர்களை மறுத்தவர்களும் அந்த எண்ணை அப்படியே ஏற்கிறார்கள். அதை எதனோடு ஒப்பிடுவது என்பதில்தான் சண்டை.

அது எதை அளக்கும் எண் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்ட்ரான்சியம் கால்சியத்தின் நெருங்கிய உறவு. கால்சியம் போகும் இடமெல்லாம் கொஞ்சம் ஸ்ட்ரான்சியமும் போய் உட்காரும். அதில் 87 நிறை கொண்ட வகையின் ஒரு பகுதி ருபிடியம் சிதைந்து உண்டாவது. அதனால் ருபிடியம் மிகுந்த பழைய கிரானைட் பாறைகளில் 87க்கும் 86க்குமான விகிதம் கூடுதலாகவும், சுண்ணாம்புப் பாறைகளில் குறைவாகவும் இருக்கும். கடல்நீரில் எங்கே எடுத்தாலும் 0.7092. பாறையிலிருந்து மண்ணுக்கும், மண்ணிலிருந்து நீருக்கும் செடிக்கும், அங்கிருந்து குழந்தையின் பல்லுக்கும் இந்த விகிதம் ஏறக்குறைய மாறாமல் வந்து சேர்கிறது. முதல் கடைவாய்ப்பல்லின் எனாமல் பிறப்பை ஒட்டித் தொடங்கி மூன்று வயதுவாக்கில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு அது புதுப்பிக்கப்படுவதில்லை.

ஆய்வகத்தில் எனாமலின் மேற்பரப்பை வைர முனை கொண்ட துரப்பணத்தால் சுரண்டி எறிகிறார்கள், உள்ளே ஒட்டியிருக்கும் டென்டின் என்ற மென்மையான பல் திசுவையும் நீக்குகிறார்கள். புதைந்து கிடந்த காலத்தில் நிலத்தடி நீர் ஊறியிருக்கக்கூடிய பகுதிகள் அவை. மிஞ்சும் சில மில்லிகிராமை அமிலத்தில் கரைத்து, ஸ்ட்ரான்சியத்தை மட்டும் பிடித்துவைக்கும் ரெசின் வழியாக வடிக்கிறார்கள். இந்தக் கட்டத்தில் கவனம் தவறினால் எல்லாம் போச்சு. ருபிடியத்திலும் 87 நிறை கொண்ட வகை உண்டு. அது துளி கலந்தாலும், அணுக்களை நிறைவாரியாகப் பிரித்து எண்ணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் கருவி அதையும் சேர்த்து எண்ணி விகிதத்தைக் கூட்டிக் காட்டும். ஒழுங்காகச் செய்தால் பிழை ஐந்தாம் தசமத்தில்தான் வரும். எக்ட்வெட் பல் ஒழுங்காகச் செய்யப்பட்டது.

இனி அவள் கிடந்த பெட்டி. 1921இல் டென்மார்க்கின் ஜட்லாந்து தீபகற்பத்தில் வேய்லெ நகருக்கருகே ஒரு புதைமேட்டில் ஓக் மரத்தைக் குடைந்த சவப்பெட்டி கிடைத்தது. மர வளையக் கணக்குப்படி ஆண்டு கி.மு. 1370. உள்ளே இருந்த கோடைப் பூ ஒன்று பருவத்தையும் சொல்லிவிட்டது. வயது 16 முதல் 18. மேட்டுக்குள் தேங்கிய அமில நீர் அவள் எலும்புகளை முழுக்கக் கரைத்துவிட்டது. கம்பளி உடை, முடி, நகம், எனாமல் ஆகியவை தப்பின. கூடவே ஐந்தாறு வயதுக் குழந்தை ஒன்றின் எரிந்த எலும்புகளும் இருந்தன.

ஃப்ரெய் ஒப்பிட்டது டென்மார்க்கின் ஓடைகளிலும் ஏரிகளிலும் எடுத்த நீரோடு. கிரானைட் தீவான போர்ன்ஹோல்மை விட்டுவிட்டால் அந்த நீரின் அளவுகள் 0.708க்கும் 0.711க்கும் இடையில் அடங்குகின்றன. 0.71187 அதற்கு வெளியே நிற்கிறது. ஆகவே வெளியூர்க்காரி என்றார்கள். இந்த முடிவின் பலம் முழுக்க அந்த வரம்பைப் பொறுத்தது. வரம்போ இன்றைய நீரை அளந்து போட்டது.

ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தின் எரிக் டாம்சனும் ராஸ்முஸ் ஆன்ட்ரீஸனும் 2019இல் இங்கேதான் கை வைத்தார்கள். மேற்கு ஜட்லாந்து மண் மணற்பாங்கானது, காலங்காலமாகச் சுண்ணாம்புச் சத்து கழுவப்பட்டு அமிலத்தன்மை ஏறியது. பயிர் வைக்க வேண்டுமானால் சுண்ணாம்பு போட்டாக வேண்டும், தலைமுறைகளாகப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சுண்ணாம்போடு அதன் ஸ்ட்ரான்சியமும் வயலில் இறங்குகிறது.

எவ்வளவு சுலபமாக எண் நகரும் என்று காட்ட நானே எண்களை வைத்து ஒரு கணக்குப் போடுகிறேன். ஒரு லிட்டர் இயற்கை ஓடை நீரில் 10 மைக்ரோகிராம் ஸ்ட்ரான்சியம், விகிதம் 0.713 என்று வையுங்கள். வயலிலிருந்து 30 மைக்ரோகிராம் வந்து சேர்கிறது, விகிதம் 0.708. பத்தை 0.713ஆலும் முப்பதை 0.708ஆலும் பெருக்கிக் கூட்டி நாற்பதால் வகுத்தால் 0.70925. வெண்கலக் காலத்தில் 0.713 காட்டியிருக்கும் ஓடை இன்று ‘டென்மார்க் வரம்பு’க்குள் அமைதியாக வந்து உட்கார்ந்துவிட்டது. மண்ணில் இயற்கையாக உள்ள ஸ்ட்ரான்சியம் குறைவாக இருக்கும்போதுதான் இப்படி ஆகும். சுண்ணாம்பு நிறைந்த கிழக்கு டென்மார்க்கின் களிமண்ணில் அதே உரம் பெரிதாக ஒன்றும் செய்யாது.

உழவு படாத நிலங்களின் நீரில் டாம்சனுக்கும் ஆன்ட்ரீஸனுக்கும் கிடைத்த அளவுகள் 0.711ஐத் தாண்டின. எக்ட்வெட் பெண்ணின் எண்ணுக்குப் பொருந்தும் நீர் அவள் கல்லறைக்கு அருகிலேயே உண்டு என்பது அவர்கள் முடிவு. ஃப்ரெய் தரப்பு சும்மா இருக்கவில்லை. மணல் வயல் ஒன்றில் ஆழம் ஆழமாக அளந்து, சுண்ணாம்பின் ஸ்ட்ரான்சியம் மேல்மண்ணோடு நின்றுவிடுகிறது, நிலத்தடி நீர்வரை அதன் தாக்கம் போவதில்லை என்று 2020இல் பதில் சொன்னார்கள். மதிக்க வேண்டிய பதில்தான். ஆனால் மழைக்கு வழிந்தோடும் நீரும், வயல்களுக்கு அடியில் பதித்த வடிகால் குழாய்களின் நீரும் ஓடைக்குத்தானே போய்ச் சேர்கின்றன? ஃப்ரெய் குழுவின் டென்மார்க் வரம்போ ஓடை, ஏரி நீரை அளந்து போட்டது.

என் சாய்வு டாம்சன் பக்கம். அதற்கு அந்தப் பெட்டியே காரணம். பெண்ணின் பல் வரம்புக்கு வெளியே. குழந்தையின் எலும்பும் வெளியே. உடைகளின் கம்பளியிலும் பெரும்பகுதி வெளியே. உள்ளே இருந்த அத்தனையும் வெளியூரிலிருந்து வந்தவை என்று சொல்வதற்கு முன்னால் அளவுகோலை ஒருமுறை சோதித்துப் பார்க்கத்தான் வேண்டும். அதற்காக அவள் உள்ளூர்க்காரி என்பது நிரூபணமாகிவிட்டது என்றும் நான் எழுதமாட்டேன். ஓர் எண் உள்ளூர் நீருக்குப் பொருந்துகிறது என்றால் அங்கே பிறந்திருக்க முடியும் என்பதுவரைதான் பொருள்.

அவள் தென் ஜெர்மனியின் பிளாக் ஃபாரஸ்ட் மலைக்காட்டுப் பகுதியில் பிறந்தவள் என்ற கதைக்கும் இதே விதிதான். 0.71187 போன்ற எண் தெற்கு ஸ்வீடனிலும் நார்வேயிலும் போர்ன்ஹோல்மிலும் கிடைக்கும். அவற்றைத் தாண்டி ஜெர்மனிக்குக் கை காட்டியது ஸ்ட்ரான்சியம் மட்டுமல்ல. அந்தக் காலத்தில் இரு பகுதிகளுக்கும் இடையே வெண்கலமும், மரப்பிசின் இறுகிய அம்பரும் கைமாறின என்ற தொல்லியல் அறிவும் சேர்ந்துதான் காட்டியது. அது நியாயமான ஊகம். செய்தித்தாள்கள் அதைப் பல் சொன்ன சாட்சியமாக்கிவிட்டன.

இனி முடி. நீளம் 23 சென்டிமீட்டர். மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளரும் என்று கொண்டால் கிட்டத்தட்ட இரண்டு வருடம். அதைத் துண்டு துண்டாக அளந்தபோது துண்டுக்குத் துண்டு எண் வேறுபட்டது. இதில் ஒரு நல்ல சேதி இருக்கிறது. பெட்டிக்குள் தேங்கிய நீர் முடி முழுவதையும் ஊறவைத்திருந்தால் எல்லாத் துண்டும் ஒரே எண்ணைக் காட்டியிருக்கும். சிக்கல் அவள் உயிரோடிருந்த காலத்தில். குளிக்கிற, அலசுகிற நீரின் ஸ்ட்ரான்சியம் வெளியிலிருந்து முடியில் ஏறுகிறது, நுனியை நோக்கிப் போகப்போகக் கூடுகிறது என்பதை இன்று வாழ்பவர்களின் முடியிலேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். வேரருகே உள்ள துண்டு அவள் உண்டதையும் குடித்ததையும் ஓரளவு சொல்லும். நுனித் துண்டில் இரண்டு வருடம் முன்பு உண்டதும் அதன்பின் அலசிய நீரெல்லாமும் கலந்து கிடக்கின்றன. எந்த மாதத்தில் எங்கே இருந்தாள் என்று அதை வைத்து அட்டவணை போடுவதை நான் ஏற்பதில்லை. போதாக்குறைக்கு அந்தப் பயணத்தில் எது டென்மார்க், எது வெளியூர் என்று பிரித்ததும் அதே 0.711 வரம்பை வைத்துத்தான்.