பனிக்கு முன் பழைய தோட்ட டிராக்டர்: கேள்வி பதில்

ஒன்டாரியோவில் என் வீட்டு வாசல் பாதையில் விழும் பனியைப் பதினொரு வருடமாக ஒரு பழைய தோட்ட டிராக்டரால்தான் தள்ளுகிறேன். 1960களின் வண்டி, நானே பிரித்துக் கோத்தது. இந்த இலையுதிர் காலத்தில் வந்த கேள்விகளுக்கு, செய்து பார்த்துத் தெரிந்துகொண்டதை வைத்துப் பதில் சொல்கிறேன்.

அண்ணா, 1965 கப் கெடட் 100 டிராக்டர் வாங்கினேன். நன்றாக ஓடுகிறது. ஆனால் கியர் எண்ணெய் பால் காப்பி நிறத்தில் இருக்கிறது. இந்தக் குளிர்காலம் தாங்குமா? (ஒட்டாவா)

அப்படியே ஓட்டாதீர்கள் தம்பி. அந்த நிறம் என்றால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. வெட்டவெளியில் நின்ற வண்டியில் கியர் லீவரின் அடியிலுள்ள ரப்பர் உறை வெடித்து, மழை அது வழியே இறங்கிவிடும். வண்டி சும்மா நிற்கும்போது தண்ணீர் அடியில் தங்கும். உறைந்தால் விரியும், வார்ப்பிரும்பு அதைத் தாங்காமல் விரிசல் விடும்.

கதகதப்பான இடத்தில் ஓர் இரவு அசைக்காமல் நிறுத்திவிட்டுக் காலையில் வடியுங்கள். முதலில் தண்ணீர்தான் வரும். பிறகு இந்த வகை டிராக்டர் கியர் பெட்டிக்கான ஹை-ட்ரான் எண்ணெய் ஊற்றி, சில மணி நேரம் ஓட்டி, மறுபடி வடியுங்கள். என் வண்டியில் மூன்றாம் முறைதான் எண்ணெய் தெளிந்தது. செலவுதான், ஆனால் கியர் பெட்டி உடைந்தால் அதே மாதிரிக்கு இன்னொரு வண்டியைத் தேடி அலைய வேண்டும். ரப்பர் உறையையும் மாற்றிவிடுங்கள்.

என்னிடம் இருப்பது ஜான் டீர் 110 டிராக்டர். புது பேட்டரி. மைனஸ் 15 வந்தால் எஞ்சின் சுற்றவே மாட்டேன் என்கிறது. (மினியாபொலிஸ்)

என்ன எஞ்சின் ஆயில் போட்டிருக்கிறீர்கள்? கோடையில் ஊற்றிய எஸ்ஏஇ 30 என்ற கெட்டி ஆயில் என்றால் இன்றே மாற்றுங்கள். குளிரில் அது இறுகி எஞ்சினைச் சுற்றவிடாது. உங்கள் வண்டியில் உள்ள கோஹ்லர் கே வகை எஞ்சினில் ஆயில் பம்பு கிடையாது. பிஸ்டனோடு சேர்ந்த கனெக்டிங் ராட் என்ற தண்டின் அடியில் இருக்கும் சிறு துடுப்பு ஆயிலை வாரி இறைத்தால்தான் உண்டு. மார்கழியில் தேங்காயெண்ணெய் மாதிரி கெட்டிப்பட்ட ஆயிலை அது எப்படி இறைக்கும்? ராடோ அலுமினியம், முதல் நிமிடத்திலேயே காய்ந்து தேயும். உறைநிலைக்குக் கீழே, குளிரிலும் இளகி ஓடும் 5டபிள்யூ-30 ஆயில் போடுங்கள்.

அடுத்து, எஞ்சினைச் சுற்றிவிட்டு பேட்டரியையும் சார்ஜ் செய்யும் ஸ்டார்ட்டர்-ஜெனரேட்டரின் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறதா பாருங்கள். எர்த் வயர் சேரும் இடத்தைத் துரு போகத் தேயுங்கள். தீப்பொறியை உண்டாக்கும் இக்னிஷன் பாயின்ட்டின் இடைவெளி 0.020 அங்குலம், ஸ்பார்க் பிளக்கின் இடைவெளி 0.035 அங்குலம். கிளட்சை மிதித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். பேட்டரியில் சார்ஜ் இறங்க விடாதீர்கள்: நிறைந்த பேட்டரி மைனஸ் 50 வரை உறையாது, வெறுமையானது சாதாரணக் குளிரிலேயே உறைந்து வெடிக்கும்.

பெட்ரோலில் எத்தனால் இருந்தால் பரவாயில்லையா?

தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாயையும் அரிக்கும். நீண்ட நாள் நிறுத்துவதானால் பெட்ரோல் வால்வை மூடி, கார்புரேட்டர் காயும்வரை ஓடவிட்டு நிறுத்துங்கள்.

பனிக்கு, முன்னால் மாட்டித் தள்ளும் பிளேடு நல்லதா, வாரித் தூர வீசும் புளோயர் நல்லதா? சக்கரம் வழுக்குகிறது. (பஃபலோ)

பஃபலோவில் ஏரிக்காற்று கொட்டும் பனிக்கு புளோயர்தான். பிளேடு தள்ளிய பனி ஓரத்தில் குவியும். ஜனவரியில் மேற்கொண்டு தள்ள இடமே இருக்காது. ஆனால் தோட்ட டிராக்டரில் மாட்டும் ஒற்றைக்கட்ட புளோயரில் (ஒரே சுழலி பனியை வாரி வீசுவது) ஈரப்பனி வெளியேறும் குழலை அடைத்துவிடும். உள்பக்கம் மெழுகு தேய்த்து வைத்தால் ஒட்டுவது குறையும். அடைத்தால் எஞ்சினை நிறுத்திவிட்டுக் குச்சியால் குத்துங்கள், கையை விடவே விடாதீர்கள். ஷியர் போல்ட் (அதிகச் சுமை வந்தால் உடைவதற்கென்றே வைத்த மென்மையான போல்ட்) உடைந்தால் கடினமான போல்ட்டை மாட்டாதீர்கள். அது உடைவதால்தான் கியர் பிழைக்கிறது.

வழுக்கலுக்குச் சங்கிலி போடுங்கள், குறுக்குக் கண்ணிகள் நெருக்கமாக உள்ளதாக. பின்னால் எடையும் வேண்டும். எடைக்காக டயருக்குள் வெறும் தண்ணீர் ஊற்றினால் உறையும். உறையாத கால்சியம் குளோரைடு உப்புக் கரைசல் ஊற்றி அது கசிந்தால் ரிம் துருப்பிடிக்கும். பீட்ரூட் வகைக் கிழங்கின் சாறு உறைவதற்கும் துருவுக்கும் தப்பிக்கும். எனக்கு ரிம்மில் மாட்டும் வார்ப்பிரும்பு எடைதான் பிடிக்கும், வேண்டாதபோது கழற்றலாம்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் ஊரை விட்டுப் போகும்போது தன் வீல் ஹார்ஸ் டிராக்டரை எனக்குக் கொடுத்தார். வசந்தத்தில் வந்து பார்ப்பாராம். அதற்குள் பெயின்ட் அடித்துப் புதிதாக்கிவிடலாமா? (சவுத் பெண்ட்)

அக்கா, அந்த வண்டி பிறந்த ஊரிலேயே இருக்கிறீர்கள்! 1946-இல் எல்மர் பாண்ட் தொடங்கிய நிறுவனம் அது. பெயின்ட் கடைசியில்தான். 10 டிகிரிக்குக் கீழே பெரும்பாலான பெயின்ட் ஒழுங்காகப் பிடிக்காது. 1978-க்கு முந்தைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். முகக்கவசம் இல்லாமல் உரசாதீர்கள். இந்தக் குளிர்காலத்தில் பிரேக், வயரிங், கார்புரேட்டர் மூன்றையும் முடியுங்கள். சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்பினால் பெரியவருக்கு அதுவே போதும். அவர் கைபட்டுத் தேய்ந்த இடங்களை அப்படியே விட்டுவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

கராஜுக்குள்ளேயே ஓடவிட்டுச் சூடாக்கலாமா?

கூடாது. கதவு திறந்திருந்தாலும் கூடாது. கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும். வெளியே கொண்டுவந்து சூடாக்குங்கள்.

அதற்கும் முன்னால், எஞ்சினைச் சுற்றியுள்ள தகட்டைக் கழற்றிப் பாருங்கள். காற்றால் குளிரும் எஞ்சினில் குளிர்விக்கும் துடுப்புகளுக்கு இடையே எலிகள் இலையுதிர் காலத்திலேயே கூடு கட்டிவிடும். காற்று போக வழியில்லாமல் மைனஸ் 20-லும் எஞ்சின் கொதித்துப்போகும். போன வாரம் என் வண்டியிலிருந்து இரண்டு கை நிறையக் காய்ந்த புல்லும் பஞ்சும் வந்தன.