கடல் வற்றும் நேரம் பார்த்துக் கிளம்புங்கள்

கேள்வி: ஜூனில் மதுரையிலிருந்து அப்பாவும் அம்மாவும் லண்டன் வருகிறார்கள். வேல்ஸில் உள்ள கோவர் தீபகற்பத்துக்கு நான்கு நாள் அழைத்துப்போக ஆசை. அப்பாவுக்கு முழங்கால் வலி. பத்து வயது மகனோ, வேர்ம்ஸ் ஹெட் தீவுக்கு நடந்தே போகவேண்டும் என்கிறான். இருவருக்கும் ஒத்துவருமா?
- வாசகி, லண்டன்

பதில்: தாராளமாக ஒத்துவரும், சகோதரி. ஆனால் எந்த நாள் எந்தக் கடற்கரை என்று இப்போதே முடிவு செய்யாதீர்கள். முதலில் அந்த வாரத்தின் ஓத நேரங்களை, அதாவது கடல் ஏறி இறங்கும் நேரங்களைப் பாருங்கள். சென்னைப் பக்கம் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டர் அளவுதான் என்பதால் நாம் அதை யோசிப்பதே இல்லை. கோவரில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி 8 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். காலையில் பிள்ளைகள் விளையாடிய மணல் பிற்பகலில் தண்ணீருக்குள் போய்விடும்.

வேர்ம்ஸ் ஹெட்டுக்குக் கடல் முழுதாக வற்றும் நேரத்துக்கு இரண்டரை மணி முன்னும் பின்னும்தான் நடக்கமுடியும். அந்த நேரமும் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். பாதை என்று பெயர்தானே தவிர, சிப்பிகள் அப்பிய கரடுமுரடான பாறைகள்தான். ஒவ்வொரு அடியும் பார்த்து வைக்கவேண்டும். செருப்பு உதவாது, நல்ல பிடிமானமுள்ள ஷூ வேண்டும். கடைசி நிமிடம் வரை அங்கே நிற்காதீர்கள். தப்பித்தவறி நீர் சூழ்ந்துகொண்டால், இறங்கி நடக்கவோ நீந்தவோ கூடாது. தீவிலேயே இருந்து 999-ஐ அழைத்துக் கடலோரக் காவல் படையைக் கேளுங்கள். ஜூன் பறவைகள் குஞ்சு பொரிக்கும் காலம் என்பதால் தீவின் கடைக்கோடி முனைக்கும் போகவேண்டாம்; மகனிடம் இதை முன்பே சொல்லிவையுங்கள்.

அப்பாவுக்காக: ரோசிலி என்ற கிராமத்தின் கார் நிறுத்தத்திலிருந்து தீவுக்கு எதிரே உள்ள கண்காணிப்புக் கூண்டு வரை பாதை பெரும்பாலும் சமதளம், ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். பேரன் பாறை தாண்டுவதை அவர் மேலிருந்தே பார்க்கலாம். ரோசிலி மணலுக்கு இறங்கும் பாதை மட்டும் அவருக்கு வேண்டாம், ஏறிவரும்போது முழங்கால் படுத்திவிடும். நீங்களும் மகனும் நீர் வற்றியபோது இறங்குங்கள். 1887-இல் கரைதட்டிய ஹெல்வெட்டியா என்ற நார்வே கப்பலின் ஓக் மர விலாக்கட்டைகள் இன்றும் மணலிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கின்றன. மகன் அதைவிட்டு நகரமாட்டான்!

பெற்றோர் மணலில் உட்கார ஆக்ஸ்விச் கடற்கரை நல்லது, கார் கரைவரை போகும். கெவன் பிரின் குன்றின் மேலேயும் சாலை செல்கிறது. அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் ஆர்தர் கல் என்ற புதிய கற்காலக் கல்லறை; சுற்றிலும் குதிரைகள் மேய்ந்துகொண்டிருக்கும். அழகில் எனக்கு முதலிடம் த்ரீ கிளிஃப்ஸ் விரிகுடாதான். ஆனால் அங்கே சாலை கிடையாது, மணல்மேடு ஏறி இறங்கவேண்டும், நீரோட்டமும் பலமாக இழுக்கும். அதற்கு ஒருநாள் காலை நீங்கள் மட்டும் போய்வாருங்கள்.

நான்கு நாளும் ஒரே வீட்டில், சமையலறை உள்ளதாகப் பார்த்துத் தங்குங்கள். ஜூன் என்றாலும் கடல்காற்று குளிரும். அம்மாவுக்கு ஸ்வெட்டரும் காதுக்கு ஸ்கார்ஃபும் கையோடு இருக்கட்டும்.