மருந்து மண்ணோடு நிற்குமா, கிணற்றுக்குப் போகுமா?

கேள்வி: ஒரே பூச்சிமருந்து மணல் நிலத்தில் சீக்கிரம் கீழே இறங்கிவிடும், களிமண்ணில் இறங்காது என்கிறார்களே, உண்மையா?

பதில்: பாதி உண்மை. மணலில் பிடித்து வைக்க ஆளில்லை, தண்ணீர் சரசரவென்று இறங்கும்போது மருந்தும் கூடவே போய்விடும். களிமண் துகள்களும், அதைவிட முக்கியமாக மட்கிய இலைதழையும், மருந்தை ஒட்ட வைத்துக்கொள்ளும். ஆனால் காய்ந்து வெடித்த களிமண்ணைப் பார்த்திருப்பீர்கள், விரல் நுழையும் அளவு பிளவு இருக்கும். அடித்த மறுநாளே கனமழை பெய்தால் தண்ணீர் மண்ணைத் தொடாமலே அந்தப் பிளவு வழியாக, மண்புழு போட்ட ஓட்டை வழியாகவும்தான், நேராக அடியில் போய்விடும். அப்போது களிமண் என்று நம்பி உட்கார்ந்திருப்பதில் பயனில்லை.

அப்புறம், மருந்தின் குணமும் இருக்கிறது. அட்ரசின் என்ற களைக்கொல்லி மண்ணில் அவ்வளவாக ஒட்டாது, அதனால்தான் பல நாடுகளில் நிலத்தடி நீரில் அகப்படுகிறது. டிடிடி என்ற பழைய பூச்சிமருந்து தண்ணீரில் கிட்டத்தட்ட கரையவே கரையாது, மண்ணிலேயே பல வருடம் கிடக்கும். மண் அரித்துப் போனால் அதோடு சேர்ந்து அதுவும் நகரும். கிளைபோசேட் என்ற களைக்கொல்லி தண்ணீரில் நன்றாகக் கரையும், ஆனாலும் மண்ணிலுள்ள இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளில் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். கரைவதெல்லாம் ஓடும் என்று நினைக்காதீர்கள்.

மருந்து மேல்மண்ணைத் தாண்டிவிட்டால் அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் குறைவு, அதனால் கீழே இறங்கியது சீக்கிரம் அழியாது. மழை வரும்போல இருந்தால் அன்றைக்கு மருந்து அடிக்காதீர்கள்.