மிஸ்ஸியிடம் கேளுங்கள்: சாமி நேரமும் சனத்தின் நேரமும்

திருகோணமலையில் 34 வருடம் தாதியாக வேலை செய்து ஓய்வுபெற்ற மிஸ்ஸி, வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: நான் ஓர் அரச கந்தோரில் வேலை செய்கிறேன். காலையில் போனதும் மேசையில் இருக்கும் பிள்ளையார் படத்துக்குப் பூ வைத்து, விளக்குக் கொளுத்தி, ஒரு தேவாரம் பாடிவிட்டுத்தான் கோப்பைத் திறப்பேன். பதினைந்து, இருபது நிமிடம் ஆகும். ஒன்பது வருடமாக யாரும் ஒன்றும் சொன்னதில்லை. புதிதாக வந்த மேலதிகாரி, "இதை வீட்டில் முடித்துவிட்டு வாருங்கள்" என்கிறார். அவரும் சைவர்தான். இது சரியா, மிஸ்ஸி?
- வாசகி, உவர்மலை

பதில்: தங்கச்சி, "ஒன்பது வருடமாக யாரும் ஒன்றும் சொன்னதில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைத் தாண்டிப் போக எனக்கு நேரம் எடுத்தது. ஏனென்று சொல்ல என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

2003ஆம் ஆண்டு, சமாதானக் காலம். நான் அப்போது வேலை செய்த ஆஸ்பத்திரியில் ஆண்கள் வாட். பின்னேர டியூட்டி ஒரு மணிக்குத் தொடங்கி ஏழு மணிக்கு முடியும். அன்று வெள்ளிக்கிழமை. கோணேசர் கோயிலில் மாலைப் பூசை காண வேண்டும் என்று காலையிலிருந்தே மனம் அங்கேதான். கோட்டை வாசலைத் தாண்டி, மான்கள் மேயும் அந்த ஏற்றத்தில் ஏறிப் போக நேரம் பிடிக்கும் என்று ஆறரைக்கே புறப்பட்டுவிட்டேன். ஆறு மணிக்கு ஒரு ஐயாவுக்கு இன்சுலின் போட்டிருந்தேன். திருக்கடலூர்ப் பக்கம் கடற்றொழில் செய்தவர், எழுபது வயதிருக்கும். போட்டதைச் சீட்டில் எழுதவில்லை. ஒரு வரி. அதை எழுத ஒரு நிமிடம்கூட வேண்டாம்.

இரவு டியூட்டிக்கு வந்த மிஸ்ஸி சீட்டைப் பார்த்தார், மாலை ஊசிக்கு நேரே வெறுமையாக இருந்தது. ஐயா தூக்கக் கலக்கத்தில் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மிஸ்ஸியும் இன்னொரு ஊசி போட்டுவிட்டார். ஒன்பதரை மணிக்கு ஐயாவுக்கு உடம்பெல்லாம் வேர்த்து, கைகால் நடுங்கி, பேச்சுக் குழறத் தொடங்கியது. சீனி அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. அந்த மிஸ்ஸி கெட்டிக்காரி, உடனே பிடித்துவிட்டார். நரம்பில் குளுக்கோஸ் ஏற்றி ஆளைக் காப்பாற்றினார்கள். நான் அந்த நேரம் திருநீறு பூசிக்கொண்டு வீட்டில் நிம்மதியாக இருந்தேன்.

அடுத்த நாள் பொறுப்பு சிஸ்டரிடம் என் பிழையை எழுதிக் கொடுத்தேன். அப்புறம் ஐயாவின் கட்டிலுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். அவர் என் கையைப் பிடித்து, "கோயிலுக்குத்தானே போனீங்கள் பிள்ளை, பரவாயில்லை" என்றார்.

தங்கச்சி, அந்தப் பரவாயில்லை இன்றும் எனக்குக் குத்துகிறது. நான் கடைக்குப் போயிருந்தால், படம் பார்க்கப் போயிருந்தால் அவர் அப்படிச் சொல்லியிருப்பாரா? கோயில் என்றதும், தன் உயிர் போகப் பார்த்ததைக்கூட அந்த மனிதர் பொறுத்துக்கொண்டார். சாமி பெயரைச் சொன்னால் நல்ல சனத்துக்கு வாய் அடைத்துப்போகும். குறை சொன்னால் பாவம் என்று பயப்படுவார்கள். அதனால்தான் வேலை நேரத்தில் சாமி பெயரை எடுக்கும்போது நாங்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும் என்கிறேன்.

உங்கள் மேசைக்கு முன்னால் வரிசையில் நிற்பவர்களை நினைத்துப் பாருங்கள். வெருகலில் இருந்தும் ஈச்சிலம்பற்றில் இருந்தும் விடியமுன் வெளிக்கிட்டு வருகிறவர்கள் இருப்பார்கள். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை அந்த வழியால் வந்தவர்கள் பாதைப் படகுக்குக் காத்திருந்து துறையைக் கடந்துதான் வந்தார்கள். என் வாட்டுக்கு வந்த நோயாளிகள் அந்தக் காத்திருப்பைக் கதை கதையாகச் சொல்வார்கள். இன்று பாலங்கள் வந்துவிட்டன. வந்த பிறகும் எட்டரைக்குத் திறக்க வேண்டிய கோப்பு எட்டே முக்காலுக்குத்தான் திறக்கிறது. வரிசையில் இஸ்லாமியரும் சிங்களவரும் நிற்பார்கள். அவர்கள் பேசாமல் நிற்பது உங்கள் பக்தியை மதித்து. அந்த மதிப்பை நாளுக்குப் பதினைந்து நிமிடமாகச் செலவழிக்க வேண்டாம்.

மேலதிகாரி உங்களுக்குச் சாமியை விடச் சொல்லவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. விளக்கையும் தேவாரத்தையும் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையார் மேசையிலேயே இருக்கட்டும், ஒரு பூ வைக்க அரை நிமிடம் போதும். அதற்கு மேல் வேண்டுமென்றால் எட்டே காலுக்குப் போய்விடுங்கள், அது உங்கள் சொந்த நேரம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். திருஞானசம்பந்தர் 7ஆம் நூற்றாண்டில் கோணமாமலையைப் பாடியபோது இங்கே வரவே இல்லை, இராமேசுவரத்தில் நின்று, கடலுக்கு இந்தப் பக்கம் இருந்த கோணேசரை நினைத்துப் பாடினார் என்றுதான் எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். கடலைத் தாண்டிக் கேட்டவருக்கு என் வாட்டில் இருந்து கேட்காதா? அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஓய்வுபெறும்வரை, டியூட்டி முடிய முன் நான் ஒருநாளும் வெளிக்கிட்டதில்லை.

கேள்வி: எனக்கு 24 வயது. நிலாவெளியில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை. போன வருடம் அப்பா தவறிவிட்டார், அந்தியேட்டி கன்னியாவில் செய்தோம். இனி ஆடி அமாவாசைக்கு நான் விரதம் பிடிக்க வேண்டும். ஆனால் ஆடியில்தான் வெள்ளைக்காரர் கூட்டம், லீவு கிடையாது. விரத நாளில் இறாலும் மாட்டிறைச்சியும் தொட்டால் விரதம் முறிந்துவிடும், வேலையை விடு என்கிறார் அம்மா. சம்பளத்தில்தான் தங்கையின் படிப்பு நடக்கிறது.
- வாசகர், நிலாவெளி

பதில்: வேலையை விடாதீர்கள், தம்பி. அப்பா இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

அம்மாவுக்கு அதிபத்த நாயனார் கதையைச் சொல்லுங்கள். நாகபட்டினத்து நுளைப்பாடியில் மீன் பிடித்தவர். நாள்தோறும் வலையில் விழுவதில் ஒரு மீனைச் சிவனுக்கென்று கடலில் விடுவார். ஒரே ஒரு மீன் விழுந்து வீடு பட்டினி கிடந்த நாட்களிலும் அந்த ஒன்றையும் விட்டார். பொன் மீன் விழுந்த அன்றும் விட்டார். மீன் பிடிப்பதை அவர் விட்டதாகப் பெரியபுராணத்தில் இல்லை. அறுபத்துமூவரில் ஒருவராக அவரைக் கோயிலில் வைத்துத்தான் கும்பிடுகிறோம். மச்சம் தொட்ட கை என்று சிவன் அவரைத் தள்ளவில்லையே.

ஆனாலும் விரதம் விரதம்தான். தொடலாம், வாயில் வைக்கக் கூடாது. குசினியில் உங்களுக்குச் சிக்கல் அங்கேதான் வரும், உப்புப் புளி பார்க்காமல் சமைக்க முடியாது. அன்று ருசி பார்க்க இன்னொருவரை வைத்துக்கொள்ளுங்கள், அல்லது மரக்கறி வெட்டும் பக்கம், சலாட் பக்கம் நில்லுங்கள்.

லீவை ஆடியில் போய்க் கேட்டால் யார் தருவார்? பஞ்சாங்கம் சித்திரைக்கு முன்னமே கையில் இருக்கும். திகதியைப் பார்த்துச் சித்திரையிலேயே பெரிய சமையல்காரரிடம் சொல்லிவையுங்கள். முழு நாள் வேண்டாம், காலையில் முழுகி, தர்ப்பணம் கொடுத்து, படைத்துச் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்கு வந்துவிடுகிறேன் என்று கேளுங்கள். கூட வேலை செய்யும் ஒரு இஸ்லாமியத் தம்பியோடு இப்போதே பேசிவையுங்கள். அவருடைய பெருநாளுக்கு நீங்கள் நில்லுங்கள், உங்கள் அமாவாசைக்கு அவர் நிற்பார். என் வாட்டில் 34 வருடமும் இப்படித்தான் ஓடியது. வெசாக்குக்குக் கந்தளாய் மிஸ்ஸிமார் வீட்டுக்குப் போவார்கள், நாங்கள் நிற்போம். தைப்பொங்கலுக்கு எங்களை அனுப்பிவிட்டு அவர்கள் நிற்பார்கள். நத்தாருக்கு வேதக்காரப் பிள்ளைகளை அனுப்ப எல்லோரும் சேர்ந்து நிற்போம். சண்டை நடந்த வருடங்களிலும் அந்த மாற்று நின்றுபோகவில்லை. டியூட்டிப் புத்தகத்தில் பெயரை வெட்டி எழுதும்போது எனக்கு எப்போதும் ஒரு சந்தோசம் வரும்.

அப்பாவுக்கு முதல் அமாவாசை. மனம் கனக்கும். அன்று இரவு வேலை முடிந்து கடற்கரையில் கொஞ்ச நேரம் தனியாக இருந்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

கேள்வி: வேலைக்கு நடுவில் கும்பிட நேரம் கிடைக்குமா, மிஸ்ஸி? நீங்கள் என்ன செய்வீர்கள்?
- வாசகி, பாலையூற்று

பதில்: கை கழுவும்போது. சவர்க்காரம் போட்டு 20 செக்கனாவது தேய்க்க வேண்டும் என்பது எங்களுக்குச் சொல்லித்தந்த விதி. அவசரத்தில் எல்லோரும் ஐந்து செக்கனில் முடித்துவிடுவார்கள். "நமசிவாய" என்று ஆறுதலாகப் பத்துத் தரம் சொன்னால் 20 செக்கன் சரியாக வரும். விரல் இடுக்கு, நகக்கண், பெருவிரல் எல்லாம் அதற்குள் தேய்ந்துவிடும். என்னோடு வேலை செய்த ஒரு வேதக்காரப் பிள்ளை இதைக் கேட்டுவிட்டு, "அருள் நிறைந்த மரியே" முழுதாகச் சொல்லி முடியும்வரை தேய்க்கப் பழகினாள். ஒரு நாளைக்கு எத்தனை கட்டில், எத்தனை தரம் கை கழுவுவோம் என்று பாருங்கள். நான் கோயிலில் சொன்னதைவிடத் தண்ணீர்க் குழாயடியில் சொன்னதுதான் கூட.

வாட்டை விட்டு வந்து ஆறு வருடமாகிறது. கீரை ஆய முன் குசினியில் இன்றும் பத்துத் தரம்.