ப்ரோபைக் கழற்றிவிட்டு அளந்து பாருங்கள்

கேள்வி: 110 மில்லிமீட்டர் பிவிசி பைப்பில் 25 கேஜ் எனாமல் கம்பியை 55 சென்டிமீட்டர் உயரத்துக்கு நெருக்கமாக 1000 சுற்று சுற்றி டெஸ்லா காயில் (உயர் மின்னழுத்தம் தரும் காற்றுக்கரு மின்மாற்றி) செய்திருக்கிறேன். உச்சியில் 30 சென்டிமீட்டர் அலுமினிய டொராய்டு (வடை வடிவ உலோக வளையம்). சூத்திரங்களை வைத்து நானே எழுதிய புரோகிராம் ரெசனன்ஸ் (காயில் இயல்பாக அதிரும் அதிர்வெண்) 238 கிலோஹெர்ட்ஸ் என்கிறது. டொராய்டில் ப்ரோபை (ஸ்கோப்பின் அளக்கும் முனையை) மாட்டி, அலையைத் திரையில் காட்டும் ஸ்கோப்பில் அளந்தால் 195. புரோகிராம் தப்பா, காயில் தப்பா?
– வாசகர், ஈரோடு

பதில்: இரண்டும் இல்லை தம்பி. ப்ரோபை எங்கே மாட்டினீர்கள் என்று எழுதியதால் என் வேலை பாதியாகிவிட்டது. வீலர் சூத்திரப்படி உங்கள் காயிலின் இண்டக்டன்ஸ் 20 மில்லிஹென்றி. மெட்ஹர்ஸ்ட் 1947-ல் வெளியிட்ட அட்டவணைப்படி காயிலின் சொந்தக் கெப்பாசிட்டன்ஸ் சுமார் 9 பைக்கோஃபாரட். டொராய்டுக்கு ஒரு 13. ஆக மொத்தமே 22. சிக்னலைப் பத்தில் ஒன்றாகக் குறைக்கும் சாதாரண 10 எக்ஸ் ப்ரோப் தன் பங்குக்கு 10 முதல் 15 வரை கொண்டுவரும். இருப்பதில் பாதியை மேலே ஏற்றிவிட்டு அளந்தால் அதிர்வெண் இறங்காமல் என்ன செய்யும்?

ஹைவோல்டேஜ் பக்கம் எதுவும் இணைந்திருக்கக் கூடாது. மின்சாரத்தை ஊட்டும் பிரைமரிக் காயிலின் கெப்பாசிட்டரையும் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு சிகரத்துக்குப் பதில் இரண்டு தெரியும். செகண்டரியின், அதாவது அந்த 1000 சுற்றுக் காயிலின், அடிமுனையை எர்த்திலிருந்து எடுத்து ஃபங்ஷன் ஜெனரேட்டரின் அவுட்புட்டில் கொடுங்கள். ஜெனரேட்டரின் கிரவுண்டு எர்த்துக்குப் போகட்டும். ப்ரோபை ஒரு மீட்டர் தள்ளி, முனை எதையும் தொடாமல் தொங்கவிடுங்கள். அதிர்வெண்ணை மெதுவாக ஏற்றினால் திரையில் அலை ஓரிடத்தில் விறுவிறுவென்று உயர்ந்து, தாண்டியதும் அடங்கிவிடும். அதுதான் உங்கள் எண். அங்கேயே நிறுத்திவிட்டுக் காயில் பக்கம் சாய்ந்து பாருங்கள், அலை சுருங்கும். சிகரம் கீழே நகர்ந்திருக்கும். உங்கள் உடம்பும் ஒரு கெப்பாசிட்டர் தட்டுதானே. சுவரும் கூரையும் அப்படித்தான்.

இப்படி அளந்தால் 250-ஐ ஒட்டி வரும் என்பது என் கணிப்பு. 238-ஐத் தாண்டிவிட்டதே என்று பதறி அடுத்த கடிதம் போடாதீர்கள். 9-ஐயும் 13-ஐயும் அப்படியே கூட்டியதுதான் கோளாறு. டொராய்டு காயிலின் மேல்பகுதியை மறைத்து நிற்கிறது. சேர்ந்து இருக்கும்போது இரண்டின் கெப்பாசிட்டன்ஸும் தனித்தனியாக அளந்த கூட்டுத்தொகைக்கு எட்டாது. வீலர் சூத்திரமோ காயில் முழுக்க ஒரே மின்னோட்டம் ஓடுவதாக எடுத்துக்கொள்கிறது. ரெசனன்ஸில் அடியில் அதிகமாக ஓடும், உச்சிக்குப் போகப்போகக் குறையும். ஜாவாடிசி போன்ற டெஸ்லா காயில் புரோகிராம்கள் காயிலைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கணக்கிடுவதும், சுவர், கூரை அளவெல்லாம் கேட்டு நச்சரிப்பதும் இதற்காகத்தான்.

டொராய்டை இறக்கிவிட்டு வெறும் காயிலையும் ஒருமுறை அளந்து பாருங்கள். 375 பக்கம் வரவேண்டும். வந்துவிட்டால் சுற்றும் கம்பியும் சரி, மிச்சச் சந்தேகமெல்லாம் டொராய்டின் மேல்தான். அத்தோடு நிறுத்தாமல் ஜெனரேட்டரை இன்னும் மேலே ஓட்டுங்கள். முதல் சிகரத்தில் காயிலில் நிற்பது கால் அலை, அடுத்து முக்கால் அலைக்கான இரண்டாவது சிகரம் தென்படும். சரியாக மூன்று மடங்கில், 1125-ல், தேடினால் கிடைக்காது. அதற்குக் கீழேயே வந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே இண்டக்டன்ஸ், ஒரே கெப்பாசிட்டன்ஸ் என்று சுருக்கிவிட்ட புரோகிராமில் இப்படி ஒரு சிகரமே கிடையாது. முதல் எண்ணைப் பொருத்திக் காட்டுவது பெரிய காரியமில்லை. கெப்பாசிட்டன்ஸை அப்படி இப்படி இழுத்தால் எவர் எழுதிய புரோகிராமும் பொருந்தும். இரண்டாவதும் பொருந்தினால்தான் நான் நம்புவேன்.

கேள்வி: செகண்டரிக் கம்பியின் நீளம் அலைநீளத்தில் கால்பங்காக இருக்க வேண்டும் என்கிறார்களே?
– வாசகி, மதுரை

பதில்: டெஸ்லாவே 1899-ல் கொலராடோ ஸ்பிரிங்ஸில் எழுதிய குறிப்புகளில் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கிறார். ஆனால் அது நீட்டிப் பிடித்த கம்பிக்கு. சுற்றியபின் ஒவ்வொரு சுற்றும் பக்கத்துச் சுற்றுகளோடு காந்தப்புலத்தால் பிணைந்துவிடுகிறது. மேலே ஈரோட்டுக்காரரின் கம்பி சுமார் 347 மீட்டர். கால் அலைக் கணக்குப்படி 216 கிலோஹெர்ட்ஸ். அவருடைய வெறும் காயில் 375-ல் பாடும். டொராய்டைப் பெரிதாக்கினால் 216-க்கும் இறக்கலாம், அதற்குக் கீழேயும் போகலாம். கம்பி நீளம் அதே 347 மீட்டர்தான்.