ஜூனில் வாங்கிய ஷூ டிசம்பரில் கடிப்பது ஏன்?

வளரும் பெண் குழந்தைகளின் காலணி பற்றி வாசகர்கள் கேட்டவையும் பதில்களும்

கே: மகளுக்கு 8 வயது. பள்ளி திறக்கும்போது வாங்கும் ஷூ அரையாண்டுத் தேர்வுக்குள் கடிக்கிறது. இரண்டு சைஸ் பெரிதாக வாங்கிவிடலாமா? (வாசகி, கரூர்)

வேண்டாம். இந்த வயதில் பாதம் மாதத்துக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் நீள்கிறது. நடக்கும்போது பாதம் ஷூவுக்குள் முன்னே நகரும். அதற்கே 5, 6 மி.மீ. காலியாக இருக்க வேண்டும். 12 மி.மீ. இடம் விட்டு வாங்கினாலும் வளர்ச்சிக்கு மிஞ்சுவது 6 மி.மீ.தான். ஆறேழு மாதத்தில் அது தீர்ந்துவிடும். டிசம்பரில் கடிப்பது நீங்கள் ஷூவைத் தேர்ந்தெடுத்ததில் உள்ள பிழை அல்ல.

இரண்டு சைஸ் என்பது 17 மி.மீ. அவ்வளவு பெரிய ஷூவில் பாதம் மடியும் இடம் ஒன்று, ஷூ மடியும் இடம் வேறு. குதிகால் ஒவ்வோர் அடிக்கும் எழும்பி உரசிக் கொப்புளம் போடும். ஷூ கழன்றுவிடாமல் இருக்கக் குழந்தை விரல்களை மடக்கிப் பிடித்தபடி நடக்கும், படியில் தடுக்கும். முன்பக்கம் பஞ்சு அடைத்தாலும் மடியும் இடம் மாறப்போவதில்லை. விலை உயர்ந்த ஒரு ஜோடிக்குப் பதில், நடுத்தர விலையில் ஜூனில் ஒன்று, ஜனவரியில் ஒன்று என்று பணத்தைப் பிரித்துக்கொள்வதே நல்லது.

அளவை வீட்டிலேயே, மாலையில் எடுங்கள். நாள் முழுக்க ஓடிய பாதம் அப்போது சற்று உப்பியிருக்கும். பள்ளி சாக்ஸோடு, குதிகால் சுவரில் ஒட்டத் தாளின் மேல் நிற்க வையுங்கள். உட்கார வைத்து அளந்தால் குறைத்துக் காட்டும். நீளமான விரலின் நுனியில் கோடு போடுங்கள் (சிலருக்கு இரண்டாம் விரல்தான் நீளம்). இரண்டு பாதமும் ஒன்றுபோல் இருக்காது, பெரியதே கணக்கு. 196 மி.மீ. வந்தால் 12 கூட்டி, 208 மி.மீ. நீளத்தில் ஒரு விரல் அகலத்துக்கு அட்டை வெட்டி எடுத்துப்போங்கள். கடையில் அதை ஷூவுக்குள் விட்டால் வளையாமல் படிய வேண்டும்.

முன்பக்கத்தைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பதை மட்டும் நம்பாதீர்கள். அமுக்கியதும் குழந்தை தானாகவே விரலை மடக்கிக்கொள்ளும். கழற்றக்கூடிய இன்சோல் (ஷூவுக்குள் இருக்கும் அடிவிரிப்பு) இருந்தால், வெளியே எடுத்து அதன் மேல் நிற்கச் சொல்லிப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே அட்டையைப் பாதத்தோடு ஒப்பிடுங்கள். "கடிக்கிறதா?" என்று கேட்டால் போதாது, பல பிள்ளைகள் இறுக்கமான ஷூவையும் வலி சொல்லாமல் போட்டுக்கொள்வார்கள்.

கே: மூத்தவளுக்கு 1-ஆம் நம்பர், இளையவளுக்கு 12-ஆம் நம்பர். இது என்ன கணக்கு? (வாசகர், தஞ்சாவூர்)

நம் கடைகளில் பெரும்பாலும் பிரிட்டிஷ் அளவுதான். பழைய இங்கிலாந்தில் மூன்று வாற்கோதுமை மணிகளின் நீளம் ஓர் அங்குலம். ஒரு மணி ஒரு சைஸ். அதாவது 8.5 மி.மீ. குழந்தைகள் அளவு 13 வரை போய், பெரியவர்கள் அளவு மறுபடி 1-இல் தொடங்கும். உங்கள் மகள்களுக்கு இடையே உள்ளது இரண்டே சைஸ். ஐரோப்பிய எண்ணில் ஒரு படி 6.67 மி.மீ. ஒரே எண்ணிலும் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம் வருவதால், ஆன்லைனில் வாங்கினால் எண்ணை விட்டுவிட்டு உள்நீள சென்டிமீட்டரைப் பாருங்கள்.

கே: 11 வயது மகளுக்குப் பாதம் முன்பக்கம் அகலம், குதிகால் ஒல்லி. அவள் கேட்பதோ பெல்லி ஷூ. (வாசகி, சேலம்)

சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடெங்கும் 1 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை அளந்தது. இந்தியப் பாதங்கள் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட அகலமானவை என்று அந்த ஆய்வு காட்டியது. பெண்களுக்குப் பாத வளர்ச்சி 11 வயதளவில் உச்சத்தைத் தொடுகிறது என்பதும் அதில் தெரிந்தது. ஆண்களுக்கு அது 15, 16 வயது. வெளிநாட்டு அளவில் செய்த ஷூ உங்கள் மகளுக்குப் பக்கவாட்டில் பிடிக்கிறது. அகலத்துக்காக நீளத்தைக் கூட்டினால் குதிகால் கழலும். சிக்கல் அங்கேதான்.

பெல்லியைப் பாதத்தில் நிறுத்தப் பட்டையோ லேஸோ கிடையாது. இறுக்கமாக இருந்தால்தான் நிற்கும், இறுகினால் விரல் நெருங்கும். விசேஷத்துக்கு இரண்டு மணி நேரம் போடட்டும், தினமும் வேண்டாம். பள்ளிக்கு, முன்பக்கம் வட்டமாக, பட்டை பாதத்தின் மேட்டில் வருகிற ஷூ எடுங்கள். பட்டை விரல்கள் பக்கமாக இருந்தால் பிடிப்பு இருக்காது. ஒட்டும் பட்டையில் நூலும் தலைமுடியும் சேர்ந்து பிடி விட்டால், பழைய டூத் பிரஷால் தேய்த்தெடுங்கள். விளையாட்டு ஷூவுக்கு லேஸ் நல்லது. மேலே உள்ள கடைசி ஓட்டையில் லேஸை அதே பக்கத்திலேயே நுழைத்து ஒரு வளையம் விடுங்கள். எதிர்ப்பக்க லேஸை அதற்குள் இழுத்துக் கட்டினால் குதிகால் அசையாது.

கொலுசு போடுகிற பெண் என்றால், ஷூவின் விளிம்பு கணுக்கால் எலும்புக்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள். சாக்ஸுக்குள் கொலுசு போனால் அழுத்தித் தடம் விழும். சாக்ஸைக் கொலுசுக்குக் கீழே மடித்துவிடுங்கள்.

கே: அக்காவின் ஷூவைத் தங்கைக்குப் போடலாமா? தள்ளுபடியில் அடுத்த வருடத்துக்கும் வாங்கி வைக்கலாமா? (வாசகி, மதுரை)

அக்கா சில முறையே போட்ட ஷூ என்றால் தாராளமாக. மேசை மேல் வைத்துப் பின்பக்கமிருந்து பாருங்கள்: குதிப்பகுதி ஒரு பக்கம் தேய்ந்தோ, பின்சுவர் சாய்ந்தோ இருந்தால் வேண்டாம். அது அக்காவின் நடைக்குப் பழகிவிட்டது.

வாங்கி வைப்பதும் லாபமில்லை. அடுத்த வருட அளவை இன்றே சரியாகச் சொல்ல முடியாது. அதோடு, எடை குறைந்த பாலியூரித்தேன் சோல் ஈரக்காற்றில் பெட்டிக்குள்ளேயே மெல்லச் சிதையும். சில வருடம் கிடந்தது, போட்ட முதல் நாளே பொடிப்பொடியாக உதிர்வது உண்டு.

கே: ஓடி விளையாடிவிட்டு வந்தால் 10 வயது மகளுக்குப் பின்னங்குதி வலிக்கிறது. (வாசகர், திருநெல்வேலி)

குதிகால் எலும்பின் பின்பக்க வளர்ச்சிப் பகுதி இந்த வயதில் இன்னும் முழுதாக இறுகியிருக்காது. அங்கே இழுபட்டு வலிப்பது சகஜம். குதியை இரு பக்கமும் பிடித்து அமுக்கினால் வலித்தால், பெரும்பாலும் இதுதான். மெல்லிய தட்டை சோல் வலியைக் கூட்டும். குதிகாலில் மெத்தென்ற ஷூ, சில வாரம் ஓட்டம் குறைவு, விளையாடியபின் ஐஸ் ஒத்தடம் என்று பாருங்கள். வீக்கம், காய்ச்சல், இரவிலும் வலி, நொண்டல் இருந்தால் காத்திருக்காமல் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.